வேலூர் ஊராட்சிகளுக்கு அதிவேக இணையம்: திட்டங்களை ஒருங்கிணைத்து வேலையை முடிப்பது எப்படி

ஊராட்சி அலுவலகத்துப் பக்கத்து மின்கம்பத்தில் கறுப்பு ஃபைபர் கேபிள் தொங்கும். உள்ளே இணையக் கருவிகள் அடுக்கிய ரேக் நிற்கும், ரூட்டரில் விளக்கும் எரியும். ஐம்பதடி தள்ளி இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் மட்டும் தன் சொந்த செல்போன் டேட்டாவில் பதிவேற்றம் செய்துகொண்டிருப்பார். கேபிள் ஒரு துறை, கம்பம் ஒரு துறை, கட்டடம் இன்னொரு துறை, மாதக் கட்டணம் யார் கணக்கிலும் இல்லை. ஒவ்வொருவரும் தன் பங்கை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பங்கு இன்னொன்றோடு சேர வேண்டிய இடம்தான் விட்டுப்போகிறது. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இந்தப் பொறுப்பில் இருப்பவர்கள், ஊராட்சிச் செயலர்கள், தலைவர்கள், ஊருக்கு இணையம் கொண்டுவர அலையும் இளைஞர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

எது எந்தத் திட்டம்

ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் 2011 அக்டோபரில் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம். அதன் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) அளவில் இணைப்பு என்பது இலக்கு. கேபிளில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும் 15 சதவீதம் தரைக்கடியிலும் போகும்படி திட்டமிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய பாரத்நெட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஊராட்சிகளை இரு பக்கமிருந்தும் கேபிள் வரும் வளைய அமைப்பில் இணைப்பதும், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களுக்குக் கேட்கிற அடிப்படையில் தருவதும் உண்டு. இதற்கான பணம் டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருவாயில் 5 சதவீதம் கட்டிச் சேர்ந்த நிதி அது. குக்கிராமத்தில் ரீசார்ஜ் செய்தவரின் பணமும் அதில் இருக்கிறது. எனவே ஊராட்சி இதைச் சலுகையாக எண்ணிக் கேட்க வேண்டியதில்லை.

பாரத்நெட் ஊராட்சி ரேக் வரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து பெரும்பாலும் பள்ளிக்குப் போவது பள்ளிக்கல்வித் துறையின் செலவு, துணை சுகாதார நிலையத்துக்குப் போவது சுகாதாரத் துறையின் செலவு, வீட்டுக்குப் போவது சந்தாதாரர் செலவு. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘ஃபைபர் வந்துவிட்டது, இனி எல்லாம் இலவசம்’ என்ற நம்பிக்கையோடு ஆறு மாதம் போனால், அதற்குப் பிறகு எந்தத் துறையும் தன் பட்ஜெட்டில் ஒரு ரூபாய் ஒதுக்காது.

முதலில் ஒரே ஒரு பதிவேடு

வேலூர் மாவட்டத்தில் இப்போது 7 ஒன்றியங்கள்: வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு. மொத்தம் 247 ஊராட்சிகள். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதற்கு முன் எடுத்த கணக்கெடுப்புப் பட்டியல் கையில் கிடைத்தால், ‘வேலூர்’ என்ற தலைப்பின் கீழ் ஆற்காடும் ஆம்பூரும் கலந்திருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். மேல், கீழ் என்று தொடங்கும் ஊர்களில் குழப்பம் இன்னும் அதிகம். பெயரை வைத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். மத்திய அரசின் எல்ஜிடி என்னும் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையே பதிவேட்டின் முதல் கட்டத்தில் எழுதுங்கள். மற்ற பட்டியல்கள் எல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு வர வேண்டிய கட்டங்கள்: ரேக் இருக்கும் கட்டடம், அதன் மின் இணைப்பு எண், மின்வாரியப் பிரிவு அலுவலகம், எந்தப் பக்கத்து ஊராட்சியிலிருந்து கேபிள் வருகிறது, எந்த ஊராட்சிக்குப் போகிறது, கடைசியாக வேலை செய்த தேதி, சாவி யாரிடம். கடைசிக் கட்டத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். பழுதுபார்க்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது, கேபிள் அறுந்ததற்குச் சமமான காரணம். செயலரிடம் ஒரு சாவி, தூய்மைக் காவலர் அல்லது குடிநீர்த் தொட்டி இயக்குபவரிடம் ஒரு சாவி என இரண்டு பேரின் பெயர் அங்கே இருக்கட்டும்.

மின்வாரியப் பிரிவின் எல்லையும் ஒன்றியத்தின் எல்லையும் ஒன்றாக இருக்காது. ஓர் ஒன்றியத்துக்கு இரண்டு மூன்று உதவிப் பொறியாளர்கள் வரலாம். எந்த ஊராட்சிக்கு எந்தப் பிரிவு என்று தெரியாமல் கம்பத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் போட்டால், அது மேசை மேசையாகச் சுற்றும்.

ரேக் இருக்கும் அறை

இணைப்பு செத்துக் கிடப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் மின்சாரம். மின்வெட்டைச் சொல்லவில்லை. மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறார்களே, அதுதான். யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும், பிறகு அணையும். மறுநாள் காலை பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் மறுபடி மாலை. தினமும் அடிவரை காலியாகும் பேட்டரி ஓராண்டு தாண்டாது. வளைய அமைப்பில் உள்ள ஊராட்சி என்றால் பாதிப்பு உங்களோடு நிற்காது. ஒரு ரேக் அணைந்தால் போக்குவரத்து மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். அதே வளையத்தில் இரண்டு ரேக் அணைந்தால் நடுவில் இருக்கும் ஊராட்சிகள் அத்தனையும் துண்டிக்கப்படும்.

தீர்வுக்கு அதிகச் செலவு ஆகாது. மீட்டருக்குப் பிறகு, அலுவலக மெயின் ஸ்விட்சுக்கு முன்னால், ரேக்குக்கென்று தனி இணைப்பு எடுத்துத் தனி எம்சிபி ஸ்விட்ச் வையுங்கள். அதன் மேல் ‘இணைய ரேக் – அணைக்கக் கூடாது’ என்று பெயிண்டில் எழுதுங்கள். காகிதத்தில் எழுதி ஒட்டினால் அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். மீட்டர் பக்கம் கை வைக்கும் வேலை என்பதால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், பிரிவு அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பேட்டரி கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கும். பாதிக்கு மேல் காலியாக்கினால் பேட்டரி கெடும், பேட்டரி மின்சாரத்தை ரேக்குக்கு ஏற்றபடி மாற்றும்போது 15 சதவீதம் வீணாகும். ஆகவே கையில் கிடைப்பது சுமார் 510 வாட் மணி. ரேக் 150 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு மணி நேரம் தாங்கும் என்று யாராவது சொன்னால் எத்தனை பேட்டரி, எத்தனை வாட் என்று கேளுங்கள். வெப்பம் இன்னொரு எதிரி. பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியில் கணக்கிடப்படுவது, 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரக் கூரையின் கீழோ மேற்குச் சுவரை ஒட்டியோ ரேக் இருந்தால் புதுப் பேட்டரி வாங்குவதே வேலையாகிவிடும். வடக்குச் சுவர், தரையிலிருந்து ஓரடி உயரம், எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகள், துளைக்குக் கம்பி வலை போதும். எர்த்தும் பாருங்கள். அதன் மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் இடி மழைக்கு முன்பே ரூட்டர் போர்டு போய்விடும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதை யாருக்காவது வேலையாக எழுதிக் கொடுங்கள்.

புதுக் கிராமச் செயலகம் கட்டி அலுவலகம் மாறினால் ரேக் பழைய கட்டடத்திலேயே கிடந்துவிடும், பழைய கட்டடத்தின் மின் இணைப்பைத் துண்டித்தும் விடுவார்கள். புதுக் கட்டடத்தின் மதிப்பீடு தயாரிக்கும்போதே ரேக் மாற்றும் செலவையும், கம்பத்திலிருந்து உள்ளே வரும் குழாயையும் அதில் சேர்த்துவிடுவது நல்லது.

வழித்தடம்

கம்பத்தில் போகும் கேபிள் மின்கம்பிக்குக் கீழேதான் போகும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பிக்கே 5.8 மீட்டர் உயரம் வேண்டும் என்பது விதி. பழைய கம்பங்களில் அந்த அளவுக்கு மேல் மிச்சம் இருக்காது. அதற்கும் கீழே ஃபைபர் தொங்கினால், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டு ஏற்றி வரும் டிராக்டர் அதை இழுத்துக்கொண்டு போகும். கரும்பு லாரியும் அப்படித்தான். சாலையைக் கடக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, உயரம் போதாத இடத்தில் உயரமான கம்பம் நடச் சொல்லுங்கள், அல்லது அந்த இடத்தில் மட்டும் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே கேபிள் தொய்ந்திருப்பதை வெயில் நேரத்தில் பாருங்கள், குளிரில் அது இறுகிச் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

அனுமதி கேட்க வேண்டிய இடங்கள் பல. சென்னை–பெங்களூரு சாலையைக் கடக்க தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மற்றச் சாலைகளுக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர், ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், பாலாற்றைக் கடக்க நீர்வளத் துறை, காட்பாடி பக்கம் தண்டவாளத்தைக் கடக்க ரயில்வே. 2024இல் வந்த புதிய வழித்தட உரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. விண்ணப்பங்களை கதிசக்தி சஞ்சார் போர்ட்டல் வழியாகப் போட வேண்டும். ரயில்வேக்கும் தேசிய நெடுஞ்சாலைக்குமான விண்ணப்பங்களை முதலில் போடுங்கள், அவைதான் நாள் எடுக்கும். ஊருக்குள் கேபிள் இழுக்கும் வேலை அதற்குள் நடக்கட்டும்.

தரைக்கடியில் போட்ட கேபிளை அறுப்பது பெரும்பாலும் இன்னொரு அரசு வேலைதான். ஜல் ஜீவன் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி, சாலை அகலப்படுத்தல், கால்வாய் வேலை. 2023 மார்ச்சில் வந்த ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியில் தோண்டும் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போகும். ஒப்பந்ததாரர் தானாகப் பதிய மாட்டார். வேலை உத்தரவிலேயே ‘செயலியில் பதிந்த ரசீது இல்லாமல் தோண்டக் கூடாது, அறுந்தால் செலவு ஒப்பந்ததாரருடையது’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி எத்தனையோ நேரில் பேசும் பேச்சைவிட வேலை செய்யும்.

ஒப்படைக்கும்போது அளந்து வாங்குங்கள்

‘விளக்கு எரிகிறது’ என்பதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஊராட்சியிலிருந்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகும் ஜிபான் இணைப்பில், அதாவது ஒரே ஃபைபரைப் பலருக்குப் பிரித்துத் தரும் இணைப்பில், மொத்தம் 28 டெசிபெல் வரை ஒளி இழப்பைத் தாங்கலாம். 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு குக்கிராமத்துக்குக் கணக்கு இப்படி வரும்: கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8, 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு 17.5, நான்கு கனெக்டருக்கு 2, பத்து ஸ்பிளைசுக்கு (ஃபைபர் ஒட்டுக்கு) 1. ஆக 23.3. மிச்சம் 4.7 இருக்கிறது. அதில் 3 டெசிபெல்லைப் பிற்கால ஒட்டுவேலைக்கென்று விட்டுவையுங்கள். ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் கொஞ்சம் போகும்.

ஃபைபர் வந்து முடியும் வீட்டுப் பக்கத்துக் கருவியான ஓஎன்டி செருகும் இடத்தில் பவர் மீட்டரை 1490 நானோமீட்டரில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 24 டிபிஎம்முக்கும் நடுவே இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்று ஓடும், மழையில் நிற்கும். அளவு மோசமாக இருந்தால் உடனே கேபிளை மாற்றச் சொல்ல வேண்டாம். முதலில் கனெக்டர் முனையைத் துடைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால், எந்தத் தூரத்தில் இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியால் 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் பார்க்க வேண்டும். 1550இல் மட்டும் இழப்பு கூடுதலாகத் தெரிந்தால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது, பெரும்பாலும் சுவர் மூலையிலோ ஜாயிண்ட் பாக்ஸுக்குள் திணித்த சுருளிலோ. இரண்டிலும் ஒரே அளவு தெரிந்தால் ஸ்பிளைஸ் சரியில்லை. இந்த ஓடிடிஆர் வரைபடத்தை இரு முனையிலிருந்தும் எடுத்து, அச்செடுத்து, ஊராட்சிக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை கேபிள் அறுந்தால் எத்தனையாவது கம்பம் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

வேகத்தை வைஃபையில் சோதிக்காதீர்கள். லேன் கேபிளை மடிக்கணினியில் செருகி, காலை 11 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பாருங்கள். காலையில் 90, இரவில் 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்றால் ஊருக்குள் வரும் கேபிள் நன்றாக இருக்கிறது, மேலே இருந்து ஊராட்சிக்கு வரும் இணையத்தின் கொள்ளளவு போதவில்லை. இரண்டுக்கும் புகார் கொடுக்க வேண்டிய இடம் வேறு. 2023 ஜனவரி முதல் அரசின் வரையறைப்படி 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்டுதான். எனவே ஒப்பந்தத்தில் ‘பிராட்பேண்டு’ என்ற சொல்லோடு திருப்திப்படாமல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

ரேக்கிலிருந்து மேசை வரை

ஊராட்சிக்குள் யார் யாருக்கு இணைப்பு என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்: பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், கிராம நிர்வாக அலுவலகம், ரேஷன் கடை, இ-சேவை மையம், நூலகம். ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது மூன்று. ஓஎன்டி மாட்டும் சுவரில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா, பில் யார் பெயரில் வரும், எந்தத் தலைப்பில் கட்டுவார்கள். மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வரும்வரை இணைப்பு கொடுக்க வேண்டாம் என்பதே நம் அழுத்தமான கருத்து. பாக்கி விழுந்து துண்டிக்கப்பட்ட இணைப்பை மீட்பது புதிதாகக் கொடுப்பதைவிடக் கடினம். பில் தேதியை ஊராட்சிப் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்–ஏப்ரலில் ஒதுக்கீடு தாமதமாகும் என்பதால் அந்த இரண்டு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லுங்கள்.

பள்ளிக்கு வேகத்தைவிட டேட்டா வரம்பு முக்கியம். பத்துக் கணினிகள், ஒவ்வொன்றிலும் 5 எம்பிபிஎஸ் வீடியோ, நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் சுமார் 1,485 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வேகம் தாராளமாகப் போதும். ஆனால் 1,000 ஜிபி வரம்புள்ள திட்டம் என்றால் மாதத்தின் கடைசி ஏழு பள்ளி நாட்கள் லேப் சும்மா கிடக்கும்.

பேருந்து நிறுத்தம், சந்தை போன்ற இடங்களுக்கு, பொது வைஃபைக்கான மத்திய அரசின் பிஎம்-வாணி திட்டம் பொருத்தம். டீக்கடையோ மளிகைக்கடையோ பிடிஓ (பொது டேட்டா அலுவலகம்) என்ற நிலையில் வைஃபை விற்கலாம், அதற்கு உரிமமும் வேண்டாம், பதிவுக் கட்டணமும் இல்லை. கணக்கும் சரிபார்ப்பும் பிடிஓஏ என்ற மேல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு, வீட்டுச் சந்தாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் கடைகளிடம் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. வணிக இணைப்பு என்று பல மடங்கு கேட்டால் அந்த உத்தரவைக் காட்டுங்கள்.

மலை ஊர்கள்

அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளில் கதை வேறு. வனத்தின் வழியாகக் கேபிள் போக வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகளுக்கு 1 ஹெக்டேருக்குள் வன நிலத்தைப் பயன்படுத்த வழி தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அரை மீட்டர் அகலத்தில் 20 கிலோமீட்டர் தோண்டினால்தான் 1 ஹெக்டேர் ஆகிறது. பெரும்பாலான மலைத்தடங்கள் இதற்குள் அடங்கிவிடும், அதுவும் சாலையோரமாகப் போனால் மரம் வெட்டும் பேச்சே எழாது. தீர்மானம் போட ஆண்டுக்கு ஆறு வழக்கமான கிராம சபைகள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் சர்வே எண், நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். ‘இணைய வசதி வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் வனத்துறை அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்.

எந்தத் திட்டத்தில் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. பிஎம்-ஜன்மன் மிக நலிந்த பழங்குடிகளுக்கானது. வேலூர் பகுதி இருளர் குடியிருப்புகளுக்கு அது பொருந்தும். ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினரே என்றாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுடைய ஊர்களுக்கு பழங்குடி கிராமங்களுக்காக 2024 அக்டோபரில் தொடங்கிய தர்த்தி ஆபா திட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். ஃபைபர் போகச் சாத்தியமே இல்லாத குக்கிராமத்துக்கு, 2022இல் ஒப்புதல் பெற்ற 4ஜி முழுமைத் திட்டத்தில் பிஎஸ்என்எல் கோபுரம் கேட்கலாம். கோபுரத்துக்கு நிலமும் மின்சாரமும் ஏற்பாடு செய்துவிட்டுக் கேட்டால் மனு நகரும்.

கூட்டமும் பழுதும்

மாதம் ஒருமுறை ஒன்றிய அளவில் ஒரு மணி நேரம் போதும். வட்டார வளர்ச்சி அலுவலர், மின்வாரிய உதவிப் பொறியாளர்கள், கேபிள் ஒப்பந்த நிறுவனத்தின் களப் பொறுப்பாளர், வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார மருத்துவ அலுவலரின் பிரதிநிதி. பேச்சு அந்த ஒரே பதிவேட்டைத் திரையில் வைத்து நடக்கட்டும், இணைப்பு ஓடாத ஊராட்சிகளைச் சிவப்பில் குறித்து அவற்றை மட்டும் பேசுங்கள். அங்கே தீராதது மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக்கும், மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க மக்களவை உறுப்பினர் தலைமையில் நடக்கும் திஷா குழுவுக்கும் போகட்டும். காட்பாடி சட்டமன்றத் தொகுதி ஊர்கள் அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. அந்த ஊர்களின் மனுவை வேலூர் உறுப்பினரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பழுது எழுதும் நோட்டு ரேக்குக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். தேதி, நேரம், எந்த விளக்கு சிவப்பு, புகார் எண், வந்தவர் பெயர், என்ன செய்தார், கம்பத்தின் எண். பேச்சில் கொடுத்த புகார் புகாரே ஆகாது, எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஒரே கம்பத்தில் மூன்று முறை அறுந்ததாக நோட்டு காட்டினால், நான்காவது முறை ஒட்ட வேண்டாம் என்று சொல்லி, அந்த இரண்டு கம்ப இடைவெளிக்குப் புதுக் கேபிளும் வேறு உயரமும் கேட்டு எழுத்தில் கொடுங்கள். நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஓடிடிஆர் அச்சையும் அதோடு இணைத்து அனுப்புங்கள்.